கண்ணாடியில் தெரியாத கை

அத்தியாயம் 9

காலை உணவுக்கு முன்னால் கரிஸாவின் படுக்கையை மடிக்க வேண்டியிருந்தது. அதைத் தூக்கிப் பொருத்தினால்தான் சாப்பாட்டு மேஜை.

"எழுந்திருடி. உங்கப்பாவுக்கு முட்டை வைக்க இடமில்ல," என்றாள் கெயில்.

"எனக்கு முப்பத்தஞ்சு வயசும்மா. மேஜையில தூங்கறேன்."

"ஒரு ராத்திரிக்கே அலுத்துக்கறே. நாங்க ஒன்பது வாரமா இதுலதான் இருக்கோம்."

"அதான் பார்க்கறேனே," என்றாள் கரிஸா. குளியலறைக் கதவைத் திறந்தபோது அது அடுப்பில் இடித்தது.

ஒன்பது வாரங்கள். ஐயோவாவில் முப்பது வருஷம் இருந்த வீட்டை விற்றுவிட்டு, முப்பது அடி நீளமுள்ள இந்த வண்டிவீட்டை பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டிக்கொண்டு கெயிலும் லாய்டும் புறப்பட்டு அவ்வளவு நாளாகிவிட்டது. அந்த வாரங்களில் அவர்கள் நிறையக் கற்றுக்கொண்டார்கள். கால்வைக்கும் படியை மடிக்காமல் கிளம்பினால் முதல் வளைவில் அது போய்விடும். ஃப்ரிட்ஜ் கதவின் தாழ்ப்பாளைப் போடாவிட்டால் ஊறுகாய் ஜாடி படுக்கைவரை வரும். கழிவுத் தொட்டியின் வாயைத் திறந்தே வைத்திருந்தால் தண்ணீர் மட்டும் வடிந்துபோய், மற்றது உள்ளேயே குன்றாக நிற்கும். இந்தக் கடைசிப் பாடத்தை நியூ மெக்ஸிகோவில் படித்தார்கள். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

கற்றுக்கொள்ளாதது ஒன்று இருந்தது. கெயிலுக்கு இந்த வண்டியை ஓட்டத் தெரியாது. காரை ஓட்டுவாள். பின்னால் முப்பது அடியைக் கட்டிக்கொண்டு ஓட்டியதில்லை. தேவைப்படவுமில்லை. லாய்ட் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். பனியில், சரிவில், பின்னிருக்கையில் அடிதடி நடக்கும்போதும் ஓட்டியவன்.

லாய்ட் வெளியிலிருந்து வந்து மேஜையில் உட்கார்ந்தான். கெயில் முட்டைத் தட்டை அவன் முன்னால் வைத்தாள். உப்பு டப்பாவை அவனுக்கு இடது பக்கம், ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

"உப்பு எங்க?" என்றான் லாய்ட்.

கெயில் அதை எடுத்துத் தட்டின் எதிரில் வைத்தாள். ஊர்க் குடிநீர் ஆய்வகத்தில் இருபத்தொன்பது வருஷம் ஒரே ஆற்றின் தண்ணீரைச் சோதித்தவள் அவள். ஒரு முறை வந்த முடிவு முடிவாகாது. உப்பு அவன் கண்ணில் படாமல் போனது இது ஐந்தாவது முறை. ஆறாவது முறையும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். நான்காவது முறையும் அப்படித்தான் நினைத்தாள்.

கரிஸா ரொட்டியில் வெண்ணெய் தடவினாள்.

"அளவாத் தடவும்மா," என்றான் லாய்ட். "மாடு செய்யப் போறியா?"

கெயில் சிரித்தாள். ஐயோவா மாநிலப் பொருட்காட்சியில் வருஷா வருஷம் வெண்ணெயாலேயே ஆளுயர மாடு செய்து கண்ணாடி அறைக்குள் நிறுத்துவார்கள். ஊரில் பிறந்தவர்கள் எல்லோரிடமும் அதோடு எடுத்த படம் ஒன்றாவது இருக்கும்.

"ஆகஸ்ட்ல நீங்க ரெண்டு பேர் மட்டும் போனீங்களே," என்றாள். "எனக்கு அன்னிக்குன்னு பார்த்து லேப்ல இன்ஸ்பெக்‌ஷன். ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தீங்களா? இல்ல."

கரிஸாவின் கத்தி நின்றது.

"கூட்டம் கெயில்," என்றான் லாய்ட். "மாட்டுக்கிட்ட போகவே முடியல."

"இதுக்குன்னு ஃபீனிக்ஸ்லேர்ந்து ஃப்ளைட் பிடிச்சு வந்தா இவ. மாட்டுக்கிட்ட போகலையாம்."

கரிஸா எழுந்து தட்டைக் கழுவப் போனாள். இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தாள்.

அன்று பதினாலாவது நாள். அவர்கள் வண்டியை நிறுத்தியிருந்த பாலைவனத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தங்கலாம். ஆனால் பதினாலு நாள்தான். பிறகு இருபத்தைந்து மைலாவது தள்ளிப் போக வேண்டும். அன்று பொழுது சாய்வதற்குள் அவர்கள் இடத்தைக் காலி செய்தாக வேண்டும்.

கெயில் சாமான்களைக் கட்டுவதற்கு வெளியே வந்தபோது, லாய்டும் கரிஸாவும் பிக்கப்பின் முன்பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் கரிஸா நிறுத்தினாள்.

"என்ன ரகசியம்?"

"டயர்," என்றான் லாய்ட்.

"காத்து கம்மியா இருக்கான்னு பேசிட்டிருந்தோம்," என்றாள் கரிஸா. அவளுக்கு டயரைப் பற்றி எதுவும் தெரியாது.

பதினொரு மணிக்கு எல்லாம் தயார். கெயில் பட்டியலைப் படித்தாள். கண்ணால் பார்த்தபிறகுதான் பதில் சொல்ல வேண்டும் என்பது, படியை இழந்த நாளிலிருந்து அவர்கள் வைத்திருந்த விதி.

"ஆன்டெனா?"

"இறக்கியாச்சு."

"படி?"

"மடிச்சாச்சு. குனிஞ்சு பார்த்தேன், போதுமா?"

"கேஸ்?"

"மூடியாச்சு."

"ஊறுகாய்?"

"ஊறுகாய் பட்டியல்ல இல்லையே."

"எழுதிக்கிட்டேன்."

சிக்கல் ஒன்று இருந்தது. முந்தாநாள் மழை பெய்து, முன்னால் போகும் தடத்தை ஓடை அறுத்துக்கொண்டு போய்விட்டது. வண்டியைப் பின்னாலேயே எடுத்து எண்பது அடி தள்ளியிருந்த சரளைச் சாலைக்குப் போக வேண்டும். நடுவில் இடது பக்கம் ஒரு பாறை, கெயிலின் இடுப்புயரம்.

இதற்குள் அக்கம்பக்கத்தவர்கள் மடக்கு நாற்காலிகளோடு வந்துவிட்டார்கள். யாராவது வண்டியைப் பின்னால் எடுக்கிறார்கள் என்றால் இங்கே அது ஒரு காட்சி. பெவ் முன்வரிசையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். சின்ன வண்டிவீடு ஒன்றை ஏழு வருஷமாகத் தனியாக இழுத்துக்கொண்டு திரிபவள்.

வேடிக்கை பார்க்கலாம். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு தம்பதி வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மூன்றாவது ஆள் பேசக் கூடாது என்பது எங்கேயும் எழுதிவைக்காத சட்டம். யோசனை சொல்லக் கூடாது. கைகாட்டக் கூடாது. முடிந்த பிறகும், அவர்களில் ஒருவர் சிரிக்கும்வரை பக்கத்தில் போகக் கூடாது.

முதல் வாரத்தில் லாய்டும் கெயிலும் வாக்கி டாக்கி வைத்துப் பார்த்தார்கள். அதே அலைவரிசையில் இருந்த பதினோரு குடும்பங்கள் அவர்கள் சண்டையைக் கேட்டன. அதன் பிறகு கைச்சைகை மட்டும். வண்டியின் இடது பின்மூலைக்கு அப்பால் கெயில் நிற்பாள். அங்கே ஓட்டுநர் இருக்கை இடது பக்கம்தான் என்பதால், அந்தப் பக்கக் கண்ணாடியில் லாய்ட் அவளைப் பார்ப்பான். விரித்த கை என்றால் வரலாம். இறக்கிய கை என்றால் வந்தபடியே வரலாம். மூடிய முஷ்டி என்றால் நில். கை தெரியவில்லை என்றாலும் நில்.

பத்து நாள் முன்பு லாய்ட் ஒரு கேமரா வாங்கிப் பின்னால் மாட்டியிருந்தான். அதன் சின்னத் திரை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது.

"நான்தான் நிக்கறேனே, அது எதுக்கு?" என்று கெயில் கேட்டாள்.

"ரெண்டுமே இருக்கட்டும்," என்றான் அவன்.

கெயில் சிவப்பு ஸ்வெட்டரில் தன் இடத்தில் போய் நின்றாள். கரிஸா சாலையில் தன் காருக்குப் பக்கத்தில் நின்றாள். கெயில் கையை விரித்தாள். வண்டி பின்னால் வர ஆரம்பித்தது.

முதல் நாற்பது அடி ஒழுங்காக வந்தது.

பிறகு பின்மூலை கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் திரும்பியது. கெயில் வலது பக்கம் காட்டினாள். வண்டி திரும்பவில்லை. அவள் முஷ்டியை உயர்த்தினாள்.

வண்டி நிற்கவில்லை.

அவள் முஷ்டியை இன்னும் மேலே தூக்கினாள். நாற்காலிகளில் யாரோ எழுந்திருக்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார்கள். கெயில் ஓர் அடி பின்னால் வைத்தாள். குதிகாலில் பாறை பட்டது. வெள்ளைச் சுவர் அவளை நோக்கி மெதுவாக, பிசகாமல் வந்துகொண்டிருந்தது. லாய்ட் எதையும் அவசரமாகச் செய்பவன் அல்ல.

"லாய்ட்!"

அவள் பக்கவாட்டில் பாய்ந்தாள். உள்ளங்கைகள் சரளையில் தேய்ந்தன. தலைக்குப் பின்னால் தகரம் நசுங்கும் ஓசை கேட்டது.

அதன் பிறகு இயந்திரத்தின் சத்தம் மட்டும்தான்.

லாய்ட் இறங்கி ஓடிவந்தான். பின்பம்பரின் முனை உள்ளே மடிந்திருந்தது. ஒரு விளக்கு உடைந்திருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. கெயிலைத் தூக்கி நிறுத்தினான்.

"ஏன் கையைத் தூக்கல? நின்னுக்கிட்டே இருந்தியே! சும்மா நின்னுக்கிட்டே இருந்தியே!"

"தூக்கினேன்."

"தூக்கல கெயில். நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கை கீழதான் இருந்துச்சு."

"தூக்கினேன்னு சொல்றேன்."

கரிஸா ஓடிவந்தாள். "அம்மா, ரத்தம். காட்டு." பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், "கொஞ்சம் லேட்டாத் தூக்கியிருப்பம்மா. பயத்துல அப்படி ஆகும்," என்றாள்.

கெயில் லாய்டின் முகத்தைப் பார்த்தாள். லாய்ட் பொய் சொல்லும்போது காதைத் தொடுவான். இப்போது தொடவில்லை. அவன் கண்ணில் இருந்தது உண்மையான பயம். தன் கை எங்கே இருந்தது என்று அவள் யோசித்தாள். மேலேதான் இருந்தது. இருந்ததா? அறுபத்தொரு வயதில் ஒரு கை உயர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் போகுமா? நாற்காலிகளைப் பார்த்தாள். எல்லோரும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் யாரும் சிரிக்கவில்லை அல்லவா, அதனால் யாரும் பக்கத்தில் வரவில்லை.

கையைத் துடைக்கக் காகிதம் எடுப்பதற்கு அவள் பிக்கப்பில் ஏறினாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

சிவப்பு ஸ்வெட்டர். கைகள் உடம்போடு. பாறைக்கு நான்கு அடி முன்னால், கொஞ்சம் தோள் குனிந்து, சைகை காட்டுவதற்காகக் காத்திருப்பவள்போல் நின்றிருந்தாள்.

கெயில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் அசையவில்லை. மூலையில் ஒரு சின்ன வட்டம் சுழன்று சுழன்று நின்றது. கேமராவிலிருந்து தொடர்பு அறுந்து, கடைசியாக வந்த படம் அப்படியே நின்றுவிட்டது.

லாய்ட் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்த கை கீழேதான் இருந்தது.

அப்படியானால் அவன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

"லாய்ட்," என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் இங்க வா."

அவன் வந்து திரையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"சனியன் பிடிச்ச கேமரா," என்றான்.

"சரி. கேமரா நின்னு போச்சு. கண்ணாடி?"

"கண்ணாடி..."

"நீ உட்கார். நேரா முன்னால பாரு. தலையைத் திருப்பாதே."

"கெயில், எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். உட்கார்."

அவன் உட்கார்ந்தான். கெயில் இறங்கி, கண்ணாடிக்கு நேராக, இடது பக்கம் நான்கு எட்டு தள்ளிப் போய் நின்றாள்.

"எத்தனை விரல் காட்டறேன்?"

லாய்ட் ஓடையைப் பார்த்தபடி இருந்தான்.

"மூணு," என்றான்.

"என் ரெண்டு கையும் பாக்கெட்ல இருக்கு லாய்ட்."

பெவ்வின் கையிலிருந்த கோப்பை மடக்கு நாற்காலியின் கம்பியில் இடித்துச் சத்தம் கேட்டது.

மூவரும் பாறைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"எத்தனை நாளா?" என்றாள் கெயில்.

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாள்னா?"

"இங்க வந்தப்புறம்தான். வெயில் கூசுதுன்னு நினைச்சேன்." லாய்ட் காதைத் தொட்டான். "தலையைத் திருப்பினா தெரியும் கெயில். ஆனா தேடணும். நீ எங்க நிக்கறேன்னு தேடணும். திரையில தேட வேண்டாம், நீ நடுவுலயே இருப்பே."

கரிஸா டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோட்டுல? லாரிக்கெல்லாம் நடுவுல?"

"ரோட்டுல நேராத்தானே போறோம்."

கெயிலுக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது. யாரை என்று தெரியவில்லை. சேர்ந்து கடந்துவந்த ஆயிரத்துச் சொச்சம் மைல்களையும் ஒவ்வொரு லாரியாக நினைத்துப் பார்த்தாள்.

"அம்மா, கேளு," என்றாள் கரிஸா. தயாராக வைத்திருந்ததுபோல வேகமாகப் பேசினாள். "எங்க கராஜ் மேல ரூம் காலியாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் இன்னிக்கே என் கார்ல வந்துடுங்க. வண்டியை இழுத்துட்டுப் போக ஆள் சொல்லிக்கலாம். இங்கேயே யாராவது வாங்கிப்பாங்க."

"அதுவும் சரிதான்," என்றான் லாய்ட்.

கெயில் அவனைப் பார்த்தாள். காப்பி வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொன்னதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னான். வரைபடங்களை மேஜையில் விரித்து, வரமாட்டேன் என்றவளை ஆறு மாதம் நச்சரித்து இழுத்துவந்தவன்.

"அதுவும் சரியா? யாரைக் கேட்டுச் சொல்றே?"

"நான் ஓட்டக் கூடாது. நீ ஓட்ட மாட்டே. வேற என்ன இருக்கு?"

"ஓட்ட மாட்டேன்னு நான் சொன்னேனா? ஓட்டினதில்ல. ரெண்டும் வேற."

"அம்மா, இது காரில்ல."

"தெரியும்டி. இருபத்தொன்பது வருஷம் ஒரே ஆத்துத் தண்ணியைப் பார்த்தேன். ஒவ்வொரு திங்கக்கிழமையும் அதே பாலம், அதே பாட்டில். இப்பதான் ஒன்பது வாரமா வேற வேற தண்ணியைப் பார்க்கறேன். உன் கராஜ் மேல உட்கார்ந்து நான் என்ன பார்க்க?"

தான் இதைச் சொல்லக்கூடும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. வீட்டை விற்ற அன்று காரில் உட்கார்ந்து அழுதவள் அவள். ஆனால் சொன்ன பிறகு அது உண்மையாகத்தான் இருந்தது. அடுத்த இடத்தின் பெயர்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. அங்கே போக வேண்டும்போல் கால் குறுகுறுத்தது.

அவள் நேராக நாற்காலிகளை நோக்கி நடந்தாள். பெவ் எழுந்து நின்றாள்.

"உன் கை மேலதான் இருந்துச்சு," என்றாள் பெவ், கெயில் வாயைத் திறப்பதற்கு முன்பே. "நான் பார்த்தேன். ரெண்டு தரம் தூக்கினே. கத்தியிருக்கணும். புருஷன் பெண்டாட்டி விஷயம்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

கெயிலின் தோள் இறங்கியது. அவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"அடி அப்புறம். எனக்குப் பின்னால எடுக்கச் சொல்லிக் கொடுப்பியா?"

"எப்ப?"

"இப்ப. இன்னிக்குப் பதினாலாவது நாள்."

பெவ் லாய்டைப் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள். "என் மூணாவது புருஷனை இந்த மாதிரி ஒரு பாறைகிட்டதான் விட்டுட்டு வந்தேன்," என்றாள். "வா."

அடுத்த மூன்று மணி நேரம் கெயிலுக்கு நரகமாக இருந்தது. இழுவை வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் பின்னால் இருப்பது இடது பக்கம் போகும். மூளை ஒப்புக்கொள்ளவில்லை. முதல் தடவை வண்டிவீடு பிக்கப்போடு மடக்குக் கத்திபோல் மடங்கிக்கொண்டது. இரண்டாவது தடவை ஒரு முட்செடியின் மேல் ஏறியது.

"மேல பிடிக்காதே," என்றாள் பெவ், பக்கத்து இருக்கையிலிருந்து. "ஸ்டியரிங்கோட அடியில கையை வை. ம். இப்ப உன் கை எந்தப் பக்கம் போகுதோ, பின்னால இருக்கறதும் அந்தப் பக்கம் போகும்."

"இது சரியில்லையே. விதியையே தலைகீழாப் பிடிக்கறோம்."

"வேலை செய்யுதில்ல? பேசாம பிடி."

கெயில் கையை அடியில் வைத்து இரண்டு அங்குலம் நகர்த்தினாள். கண்ணாடியில் முப்பது அடி வெள்ளைச் சுவர் அவள் சொன்ன பக்கம் அசைந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது.

"அதுக்குள்ள சிரிக்காதே," என்றாள் பெவ். "சிரிச்சா எல்லாரும் வந்துடுவாங்க."

லாய்ட் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவன்போல் இருந்தான். மூன்று மணிக்கு கெயில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"என்ன வேடிக்கை? போய் நில்லு."

"எங்க?"

"நான் நின்ன இடத்துல. கையை நல்லாத் தூக்கு. தூக்கலைன்னு சொல்லுவேன் அப்புறம்."

அவன் சிரித்தானா என்று தெரியவில்லை. ஆனால் போனான். பாறைக்கு முன்னால் நின்று, பள்ளிப் பிள்ளைகளைச் சாலையைக் கடக்கவைக்கும்போது காட்டுவதுபோல், இரண்டு கைகளையும் அகல விரித்தான். இடது கண்ணாடியில் அவன் முழுதாகத் தெரிந்தான்.

பெவ் இறங்கிக்கொண்டாள். கெயில் தனியாக எடுத்தாள். நாற்காலிகளில் ஒரு சத்தமும் இல்லை. பாறைக்கு மூன்று அடி இருக்கும்போது லாய்டின் முஷ்டி உயர்ந்தது. கெயிலின் கால் அவளைக் கேட்காமலே பிரேக்கை அழுத்தியது. வண்டி நின்றது. அவன் வலது பக்கம் காட்டினான். அவள் கையை ஸ்டியரிங்கின் அடியில் நகர்த்தினாள். பாறை கண்ணாடியின் ஓரமாக நகர்ந்து, பின்னால் இருந்தது முன்னால் போய்விட்டது.

சாலைக்கு வந்ததும் முதலில் கைதட்டியது பெவ்தான்.

கரிஸா கைதட்டவில்லை. ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"அடுத்த இடம்வரைக்கும் நான் பின்னாலேயே வரேம்மா. அங்க வந்து உட்கார்ந்து பேசலாம். மூணு பேரும்."

"பேசத்தானே? வா."

"நிஜமா பேசணும்மா." கரிஸாவின் கண் சிவந்திருந்தது. அப்பாவின் பக்கம் பார்த்தாள். அவன் சக்கரங்களுக்கு அடை கொடுத்த கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். தன் காருக்குப் போய்விட்டாள்.

கிளம்புமுன் டயரில் காற்றுப் பார்ப்பது லாய்டின் வேலை. இனி ஓட்டுகிறவள்தானே பார்க்க வேண்டும் என்று கெயிலுக்குத் தோன்றியது. காற்று அளக்கும் மானி டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும். எட்டித் திறந்தாள். பழைய ரசீதுகள், சூயிங்கம், ஒரு கையுறை. அடியில் மானி. மானிக்கும் அடியில், நான்காக மடித்த ஒரு காகிதம்.

வண்டிக் காகிதம் என்று நினைத்துத்தான் பிரித்தாள்.

இரண்டு வட்டங்கள் அச்சிட்டிருந்தன. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று. வலது வட்டத்தில் ஓரமாகக் கொஞ்சம் சாம்பல். இடது வட்டத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. வாழ்நாளெல்லாம் ஆய்வக வரைபடங்களைப் படித்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கீழே நாலைந்து வரிகள். கண்ணழுத்த நோய். போன பார்வை திரும்ப வராது. சொட்டு மருந்து விட்டிருப்பதால் இன்று வாகனம் ஓட்டக் கூடாது.

தேதி ஆகஸ்ட் பதினாலு. வீட்டு விற்பனைப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டது செப்டம்பரில்.

கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். வீட்டுக்கு அழைத்துச் செல்ல உடன் வந்தவர்: கரிஸா. மகள்.

கெயில் காகிதத்தை அதே மடிப்புகளில் மடித்து, இருந்த இடத்தில் வைத்தாள். மானியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எல்லா டயரிலும் காற்று சரியாக இருந்தது. எண்களைக் குறித்துக்கொண்டாள். எழுத்து கோணலாக வந்தது.

அவள் திரும்பி ஏறியபோது லாய்ட் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தான். ஒன்பது வாரத்தில் முதல் தடவையாக அந்த இருக்கையில்.

"மீட்டர் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"காத்து?"

"சரியா இருக்கு. டயர்ல ஒண்ணும் இல்ல."

அவள் பிரேக்கை விடுவித்தாள். வண்டி அசைந்தது. பின்னால் முப்பது அடி பெருமூச்சு விட்டதுபோல் முனகிவிட்டுக் கூடவே வந்தது. கண்ணாடியில் நாற்காலிகள் சின்னதாயின. புழுதிக்குள்ளிருந்து கரிஸாவின் கார் வந்து சேர்ந்துகொண்டது. தெளிவாகத் தெரிந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் மகளின் முகம் மட்டும் தெரியவில்லை.

சரளை முடிந்து தார்ச்சாலை வந்தது. லாய்ட் சாலையைப் பார்த்தபடி, முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான். இல்லாத பிரேக்கை ஒருமுறை மிதித்தான்.

"நல்லாத்தான் ஓட்டறே," என்றான்.

"லாய்ட்."

"ம்?"

"அந்த வெண்ணெய் மாடு இந்த வருஷம் எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு?"

முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

அவன் இடத்தில் இப்போது அவள் இருந்தாள். அதனால் அவனுக்கு அவள் இடது பக்கத்தில் இருந்தாள். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் தலையை முழுதாகத் திருப்ப வேண்டும்.

கெயில் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.

அவன் திருப்பினான்.